வாசலில் ஒரு மூக்கு

கதவைத் திறந்த மனைவி மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். "ஸ்..."

அவ்வளவுதான். அலாரக்காரர் தூக்கிய காலை உள்ளே வைக்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

முன்னேற்பாடுகளில் ஒரு குறையும் வைக்கவில்லை. கிராம்பு மென்று துப்பியாயிற்று. வாய் கொப்பளித்தாயிற்று. சட்டைக் காலரில் பவுடர் தட்டியாயிற்று. மாடிப்படி வளைவில் நின்று, இரண்டு கைகளையும் பறக்கப்போகிறவர் போல வீசிக் காற்றாடவும் விட்டாயிற்று. இத்தனைக்கும் பிடித்த சிகரெட் ஒன்றே ஒன்று. அதுவும் முழுதாகக்கூட இல்லை.

"வந்துட்டீங்களா?" என்ற மனைவி மறுபடியும், "ஸ்..." என்றாள்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூச்சிரைப்பு என்று அவருக்குப் பட்டியல் போட்ட டாக்டர்கள் யாரும் கண்டுபிடிக்காத நாலாவது வியாதி ஒன்று அவரிடம் இருந்தது. யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவார்.

"ஆபீஸ்ல இன்னிக்கு ஒரே புகை" என்றார்.

"புகையா?"

"ஆமா. அலாரம் வேலை செய்யுதான்னு பார்க்கணும்ல? அதுக்குப் புகை மாத்திரைன்னு ஒண்ணு இருக்கு. கொளுத்தி வச்சா குபுகுபுன்னு வரும். சட்டையெல்லாம் அதே நாத்தம்."

மனைவியின் முகம் மாறியது. "ஐயையோ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். தப்பித்தோம் என்று செருப்பைக் கழற்றினார் அலாரக்காரர்.

ஊரில் கட்டுகிற கட்டடங்களுக்கெல்லாம் தீ அலாரம் மாட்டுவதுதான் அவர் தொழில். ஒரு தலைமுறைக் காலமாகக் கூரையில் புகையைத் தேடுகிறவர், கீழே தாமே புகையை விட்டுக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் அவருக்கே சில சமயம் சிரிப்பு வரும். சிரித்தால் இருமல் வரும். அதனால் நினைப்பதில்லை.

அவருக்கு மூன்று டாக்டர்கள். சர்க்கரை டாக்டர் நட என்பார். மூச்சு டாக்டர் மெதுவாக நட என்பார். இருதய டாக்டர் முதலில் உட்கார் என்பார். ஒருவர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்ல, இன்னொருவர் அளந்து குடிக்கச் சொன்னார். மூன்று பேரும் சண்டை போடாமல் ஒத்துப்போன விஷயம் உலகத்தில் ஒன்றுதான். சிகரெட்டை விடு.

மனைவி அதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருந்தாள். போன தடவை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்து அவர் வீடு திரும்பிய அன்று, துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "இனிமே ஒரு தடவை பிடிச்சீங்கன்னு தெரிஞ்சா நான் பொண்ணு வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க மூச்சுக்குத் தவிக்கிறதைப் பக்கத்துல உக்காந்து இன்னொரு தடவை பார்க்க என்னால ஆகாதுங்க."

கத்தியிருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டார். அவள் எதற்கும் கத்துகிறவள்தான். மெதுவாகச் சொன்னதால்தான் செய்துவிடுவாள் என்று பட்டது. காலையில் எந்த மாத்திரை, ராத்திரி எந்த மாத்திரை என்பது அவளுக்குத்தான் தெரியும். அதுகூடப் பெரிதில்லை. அவள் இல்லாத வீட்டில் ஒரு சாயங்காலத்தை எப்படி ஓட்டுவது என்று அவருக்கு நிஜமாகவே தெரியாது. அவ்வளவு பயம் இருந்தும் அந்த ஒன்றை விடவும் முடியவில்லை.

மறுநாள் ஆபீசுக்குப் போனபோது முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார்.

"உங்க வீட்டுக்காரம்மா போன் பண்ணாங்க" என்றார் முதலாளி. "இத்தனை வியாதியை வச்சிக்கிட்டு ஆபீஸ் புகையைச் சுவாசிக்கிறீங்களாமே. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா என் தலை உருளும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க..."

"பேசாதீங்க. இனிமே நீங்க புகைப் பக்கமே போகக் கூடாது. போன் எடுக்கிற வேலை. அதோ அந்தக் கண்ணாடி ரூம்."

நாலு பக்கமும் கண்ணாடி. உள்ளே மூக்கைச் சொறிந்தால்கூட ஆபீஸ் முழுவதும் பார்க்கும். ஏணி ஏறி இறங்கி ராஜா மாதிரி இருந்தவர், மீன்தொட்டிக்குள் விட்டது போல உட்கார்ந்து, "வணக்கம், உங்க வீட்டுல தீயா?" என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பகலெல்லாம் அடக்கியதற்கு வட்டியும் சேர்த்து, சாயங்காலம் வீட்டு மாடிப்படி வளைவில் ஒன்றைப் பற்றவைத்தார். அந்த வளைவின் கூரையில் பழைய அலாரம் ஒன்று உண்டு. உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, சிகரெட் பெட்டியை வைக்கத் தோதாக அவரே செய்துவைத்த ஏற்பாடு. திருடன் போலீஸ் ஸ்டேஷனில் சாமானை ஒளித்துவைத்த மாதிரி என்று அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கதவு திறந்தது.

"ஸ்..."

இன்றைக்கு ஆபீஸ் புகை என்று சொல்ல முடியாது. அதை அவளே அணைத்துவிட்டாள்.

"இந்தப் பால் கெட்டுப்போச்சா பாருங்க" என்று மனைவி பாத்திரத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

வாயைத் திறக்கவைத்துப் பிடிக்கப் பார்க்கிறாள் என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. உதட்டை இறுக மூடிக்கொண்டு, மூக்கால் மட்டும் பாலை மோந்து, தலையை இடம் வலமாக ஆட்டினார். அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வை தாங்கவில்லை.

"வேன்காரன்தான்" என்றார்.

"என்னது?"

"தினமும் என்னை வேன்ல கொண்டுவந்து விடுறானே, அவன்தான். வழி பூராப் புகைச்சுத் தள்ளுறான். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்."

"அந்தத் தம்பியா?" மனைவிக்கு வாய் பிளந்தது. "பார்த்தா பூனை மாதிரி இருக்கும் பிள்ளை!"

பூனை மாதிரிதான் இருந்தார் வேன்காரர். டீயை ஆற்றுவதற்கு ஊதியதைத் தவிர வேறு எதையும் ஊதியறியாதவர். மறுநாள் காலை வேனில் ஏறியதும் அலாரக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உங்க அண்ணி கேட்டா, பிடிப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. என் குடும்பமே உன் கையிலதான் இருக்கு."

"அண்ணே, எனக்குப் பொய் வராதே!"

"தலையை மட்டும் ஆட்டு. அதுக்குமா வராது?"

சாயங்காலம் மனைவி தெருவிலேயே வேனை மறித்தாள். வேன்காரர் தலையை ஆட்டினார். மனிதர் தலையைத் தொங்கப்போட்டு ஆட்டிய விதத்தில் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"கவலைப்படாதே தம்பி. ஆஸ்பத்திரியில சிகரெட்டை விடுறதுக்குன்னு வகுப்பு நடத்துறாங்க. நான் உன் பேரைக் குடுத்துட்டேன். உங்க அண்ணன்கூட அந்த வகுப்புக்குப் போய்த்தான் விட்டாரு."

அலாரக்காரர் தெருவிளக்குக் கம்பத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வகுப்புக்கு அவர் போனது உண்மைதான். விட்டதுதான் பொய்.

முதல் வகுப்பு முடிந்த மறுநாள் வேன்காரர் மிரண்டுபோய் வந்தார்.

"எல்லாம் நோயாளிங்க அண்ணே. ஆளுக்கு மூணு வியாதி, நாலு வியாதி. ஒருத்தருக்கு இருதயத்துல கம்பி வச்சிருக்காங்க. ஒரு பெரியம்மாவுக்கு மூச்சுக்கு மெஷின். எல்லாரும் எப்படி விடலாம்னு அவ்வளவு அழகாப் பேசினாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் வகுப்பு முடிஞ்சுது. நர்ஸம்மா போனதும் எல்லாரும் கொல்லைப்பக்கம் போய் ஆளுக்கு ஒண்ணு பத்த வச்சாங்க. எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க. எந்தப் பக்கம் வாயில வைக்கணும்னே எனக்குத் தெரியலை. மாட்டிக்குவேனோன்னு பயந்துபோய், 'வேண்டாங்க, நான் விட்டுட்டேன்'னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"அழுதுட்டாங்க அண்ணே. அந்தப் பெரியம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு, 'எப்படிப்பா, ஒரே நாள்ல எப்படிப்பா'ன்னு கேட்டாங்க."

விஷயம் நர்ஸம்மா காதுக்குப் போனது. வகுப்பு தொடங்கிய காலத்திலிருந்து நீட்டிய சிகரெட்டை வேண்டாம் என்ற முதல் ஆள் வேன்காரர்தானாம். அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். படம் எடுத்து ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டினார்கள். எப்படி விட்டேன் என்று அனுபவம் பேசச் சொன்னார்கள். பொய் வராது என்ற மனிதர், சின்ன வயதில் மாமாவின் பாக்கெட்டிலிருந்து திருடிப் பிடித்ததில் தொடங்கி, மழையில் தீக்குச்சி நனைந்து தவித்தது வரை சொல்லிக் கூட்டத்தையே கரைத்துவிட்டாராம்.

அலாரக்காரரின் மனைவி அந்தக் கேடயத்தைக் கையில் வாங்கிப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

"பார்த்தீங்களா? நம்மால ஒரு குடும்பம் பிழைச்சுது. இனிமே வேன்லயும் உங்களுக்குப் புகை கிடையாது."

கிடையாதுதான். கேடயம் வாங்கிய நாள் முதலாய் வேன்காரருக்கு அந்தப் பாத்திரம் பிடித்துப்போயிற்று. "அண்ணே, பல்லைக் கடிச்சிட்டுப் பத்து எண்ணுங்க. நான் அப்படித்தான் விட்டேன்" என்று அலாரக்காரருக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

"நீ எப்படா பிடிச்சே, விடுறதுக்கு?"

"அந்த வேதனையெல்லாம் எதுக்கு அண்ணே இப்போ?" என்று வேன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கதவு திறந்தபோது அலாரக்காரர் மூச்சையே விடவில்லை. மூச்சிரைப்புக்காரர் மூச்சை அடக்கினால் எவ்வளவு நேரம் தாங்கும்? மனைவி நிதானமாக, "ஸ்..." என்றாள். பிறகு இன்னும் ஆழமாக, "ஸ்ஸ்..." என்றாள். தெய்வமே, இவளுக்கு மூக்கா, வேட்டை நாயா!

"ஏங்க, முகம் செவந்துபோச்சு. என்ன ஆச்சு?"

அடக்கிய மூச்சும் ரகசியமும் ஒன்றாக வெளியே வந்தன. "மேல்வீட்டு வாத்தியார்! அவர்தான் பிடிக்கிறார்! நம்ம பாத்ரூம் ஜன்னல் வழியா அத்தனையும் உள்ள இறங்குது!"

மேல்வீட்டு வாத்தியாரிடம் இதைக் கேட்டுக்கொண்டு போனால் தொலைந்தோம் என்று அடுத்த நொடியே உறைத்தது. மனைவி செருப்பை மாட்டத் தொடங்கியிருந்தாள்.

"போகாதே! பெரிய மனுஷர். ஆதாரம் இல்லாம கேட்டா மனசு நோகும்."

"அதுவும் சரிதான்" என்று அவள் நின்றாள். கொஞ்சம் யோசித்தாள். "ஆதாரத்துக்குத்தான் நம்ம வீட்டுலயே ஆள் இருக்கே. பாத்ரூம்ல ஒரு அலாரம் மாட்டிடுங்க. புகை வந்தா அதுவே கத்திக் காட்டிக் குடுக்கும்."

"பாத்ரூம்ல அலாரம் மாட்டவே கூடாது! வெந்நீர் ஆவி பட்டாலே அலறும். தொழில் தெரிஞ்ச எவனும் அதைச் செய்ய மாட்டான்!"

"ஆவிக்கே அலறும்னா புகைக்கு இன்னும் நல்லா அலறும்ல? அதான் நமக்கு வேணும்."

 அவள் போன் செய்ததும் முதலாளி உருகிப்போய், இருப்பதிலேயே ரோஷமான அலாரம் ஒன்றை இலவசமாக அனுப்பிவைத்தார். மொத்தக் கட்டடத்தின் சைரனோடும் சேர்த்து இணைக்கிற ரகம். கொண்டுவந்தவர் வேன்காரர்.

அலாரக்காரர் ஸ்டூலில் ஏறி அதைத் தம் கையாலேயே மாட்டினார். யாரும் பார்க்காதபோது உள்ளே ஒரு பாலிதீன் தாளைச் சுற்றி அதன் மூக்கை அடைத்துவிட்டார். வாசலில் இருக்கிற மூக்கை அடைக்க முடியாத கடுப்பு அதில் கொஞ்சம் தீர்ந்தது.

"வேலை செய்யுதான்னு பார்த்துடலாம் அண்ணே" என்று வேன்காரர் புகை மாத்திரையைக் கொளுத்தினார்.

பாத்ரூம் நிறையப் புகை. அலாரம் வாயே திறக்கவில்லை.

வேன்காரர் பரிதாபமாகப் பார்த்தார். "பரவாயில்லை அண்ணே. வயசாச்சு. ரொம்ப நாளா ஏணி ஏறாம கண்ணாடி ரூம்லயே இருக்கீங்க. கை மறந்துபோச்சு."

"யாருக்குடா கை மறந்துபோச்சு?"

"முதலாளிகிட்ட நான் சொல்லலை அண்ணே. வேற ஆளை அனுப்பச் சொல்லி நைசாப் பேசுறேன்."

மனிதனுக்குப் பலவீனங்கள் ஒன்றுக்கொன்று சண்டை போடும். சிகரெட்டுக்கும் தொழில் மானத்துக்கும் நடந்த அந்தச் சண்டையில் மானம் ஜெயித்துவிட்டது. புகை கலைந்ததும், அவர்கள் பார்க்காமல் பாலிதீனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கம்பியைச் சரிபார்த்து, ஓர் எறும்பு பெருமூச்சு விட்டால்கூடக் கத்துகிற அளவுக்குத் திருகி, ஒருமுறை கத்தவைத்துக் காட்டி, கட்டடச் சைரனோடும் இணைத்துவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினார். வேன்காரர் கைதட்டினார். மனைவியும் தட்டினாள். தாம் என்ன செய்துவைத்தோம் என்பது கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

மறுநாள் காலை அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. இதைக் குறிப்பாகச் சொல்லியாக வேண்டும். மூச்சு டாக்டர் சொன்னபடி, பாத்ரூமில் வெந்நீர் வாளியை முன்னால் வைத்து, தலையில் துண்டைப் போர்த்தி, நல்ல பிள்ளையாக ஆவி பிடித்துக்கொண்டிருந்தார்.

அலாரம் அலறியது. அது அலறிய கையோடு கட்டடத்தின் சைரனும் அலறியது.

பனியனும் துண்டுமாக அவர் கீழே இறங்கி ஓடியபோது, கட்டடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தெருவில் நின்றார்கள். மேல்வீட்டு வாத்தியார் ஒரு கையில் கிளிக்கூண்டும் மறு கையில் பல்செட்டுமாக வந்திருந்தார். "எந்த வீடு? எந்த வீடு?" என்று எல்லோரும் கேட்க, தலையிலிருந்து ஆவி பறக்க நின்றிருந்த அலாரக்காரரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மனைவி அவருடைய மூச்சு மருந்தை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடிவந்தாள். அருகில் வந்தாள். அவர் முகத்துக்கு நேரே நின்று, "ஸ்..."

"சத்தியமா ஆவிதான்!" என்று அலறினார் அலாரக்காரர். "இன்னிக்கு நிஜமாவே ஆவிதான்!"

 மனைவி மருந்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் உறிஞ்சி முடிக்கும் வரை முதுகைத் தடவினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "சட்டையைப் போட்டுட்டு வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மெதுவாகச் சொன்னாள். அதுதான் அவரைக் கொன்றது. அவள் தோளில் ஒரு பையும் தொங்கியது.

வேன்காரர் வேனை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். நடக்கப்போவது அலாரக்காரருக்கு வரிவரியாகத் தெரிந்தது. டாக்டர் முன்னால் உட்காரவைத்து, ஊதவைத்து, பரிசோதித்து, உண்மை வந்ததும் அப்படியே பையோடு பெண் வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவாள். சாயங்காலம் கதவை அவரேதான் திறந்துகொள்ள வேண்டும். உள்ளே யாரும் மூக்கை உறிஞ்ச மாட்டார்கள்.  

ஆஸ்பத்திரியில் வரிசையாக நாற்காலிகள். வலது பக்கம் காதில் பஞ்சு வைத்த ஒருவர். இடது பக்கம் மனைவி. எதிரே ஒரு மூடிய கதவு. அந்தக் கதவு திறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அலாரக்காரருக்கு வெறி வந்தது.

"நான்தான்" என்றார்.

"என்ன நான்தான்?"

"பிடிச்சது நான்தான். ஆபீஸ் புகை பொய். முதல் நாள்லேருந்தே பொய். நான் விடவே இல்லை."

மனைவியின் கண்கள் பெரிதாயின.

"வேன்காரன் அவன் ஜென்மத்துல பிடிச்சதில்லை. கேடயம் வாங்கினதே பாவம், அவனுக்குப் பிடிக்கத் தெரியாததாலதான்."

கண்கள் இன்னும் பெரிதாயின.

"வாத்தியார் ஒரு பாவமும் அறியாதவர். மாடிப்படி வளைவுல இருக்கே அலாரம், அது அலாரமே இல்லை, என் சிகரெட் டப்பா. தினமும் ஒண்ணு. சில நாள் ரெண்டு. எல்லாத்தையும் மறைச்சேன். ஆனா வாசல்ல நின்னு நீ மோந்து மோந்து பார்க்கிறப்போ என் உசிரே போயிடும்மா. உன் மூக்குகிட்ட தப்பிக்கத்தான் இத்தனை பொய்யும்."

காதில் பஞ்சு வைத்தவர் பஞ்சை எடுத்துவிட்டு நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

 மனைவி வாயைத் திறந்தாள்; மூடினாள். முகத்தில் என்னென்னவோ வந்து போயின. கோபம்தான் என்று அவர் நினைத்தார். கடைசியில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா?"

"இல்லை. அவ்வளவுதான். பொண்ணு வீட்டுக்குப் போயிடாதே. நீ இல்லாம எனக்கு அந்த வீட்டுல என்ன இருக்கு?"

அவர் குரல் உடைந்துவிட்டது. அவள் கண்ணும் நிறைந்துவிட்டது.

"போகலை" என்றாள். "நீங்களா வாயைத் திறந்து சொன்னீங்க பாருங்க, அதுக்காகப் போகலை. ஆனா இன்னியோட விட்டுடணும்."

"விட்டுட்டேன். அந்த டப்பாவை நீயே கழட்டிப் போடு."

"இனிமே ஒண்ணு பிடிச்சாலும் எனக்குத் தெரிஞ்சுடும். என் மூக்கைப் பத்தி இப்பவாவது புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது தாயே, நல்லாப் புரிஞ்சுது" என்று அலாரக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் மூக்கு மேல சத்தியம்."

எதிரே கதவு திறந்தது. ஒரு நர்ஸ் தலையை நீட்டி, வரிசை முழுவதற்கும் கேட்கும்படி உரக்கக் கூப்பிட்டாள்.

"மூணு வருஷமா மூக்கு அடைச்சு, எந்த வாசனையுமே தெரியலைன்னு சொன்ன அம்மா யாருங்க?"